காலரில் தேதி, பாக்கெட்டில் கட்டி

என் சம்பந்தி தையல்காரர். தெருவில் அவருக்குக் 'காலர்' என்றுதான் பேர். எங்கள் இரண்டு பேருக்கும் பேத்தி பிறந்து நாற்பது நாள்தான் ஆகிறது. மூக்கு யார் மூக்கு என்று தினமும் சண்டை. என் மூக்குதான், அதில் சந்தேகமே வேண்டாம்.

அப்படி ஒரு சண்டைக்கு நடுவில் மனுஷன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்கேன் எடுத்தால், மூளை ஓரத்தில் கோலிக்குண்டு அளவு கட்டி. மூன்று வருஷத்துக்கு முன்னால் புற்றுநோய் என்று ஒரு கிட்னியை எடுத்தவர் வேறு. சம்பந்தியம்மா படத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் டாக்டரிடம் இழுத்துப் போனார்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

"கிட்னியிலேருந்து பரவினதா இருக்கலாம். ஆனா அப்படி வந்தா பெரும்பாலும் மூளைக்குள்ள உக்காரும், சுத்தி வீங்கியிருக்கும், ஒண்ணுக்கு மேலயும் இருக்கும். இது ஒண்ணே ஒண்ணு. மூளைக்கு வெளிய, மேலுறையில ஒட்டிக்கிட்டிருக்கு. சாதுவான கட்டி மாதிரிதான் தெரியுது, உறுதியா சொல்ல முடியல. முன்னாடி தலை ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

"எட்டு வருஷம் முன்னாடி, சைக்கிள்லேருந்து விழுந்தப்ப."

"அது வேணும். அப்பவே இதே அளவுல இருந்திருந்தா பயமில்ல. இல்லேன்னா மண்டையைத் திறந்து துண்டு எடுத்துத்தான் பாக்கணும்."

சம்பந்தி அவசரமாக எழுந்து வாசலுக்கு நடந்தார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"படம் எங்க சம்பந்தி?"

"வெட்டிட்டேன்."

"என்னது?"

"நல்ல கெட்டி பிலிம், சம்பந்தி. மடங்காது, கிழியாது. துணியில வெச்சு வரையற அளவு அட்டைக்கு அதை அடிச்சுக்க முடியாது."

அவர் தையல் கடைக்கு ஓடினோம். ஆணியில் கொத்தாகத் தொங்கிய அளவு அட்டைகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். யாரோ ஒருவருடைய முழங்கால் வந்தது.

"இது யாரு?"

"தெரிஞ்சவர் குடுத்தது. சட்டைக் கைப்பட்டிக்கு."

அப்புறம் ஒரு நெஞ்சு. கடைசியில் சம்பந்தி பேரும் தேதியும் காலர் அட்டை ஒன்றில் அகப்பட்டன. மூளை, சட்டைப் பாக்கெட்டில் இருந்தது.

துண்டுகளோடு திரும்பிப் போன எங்களை டாக்டரம்மா முறைத்தார். பிறகு காலரையும் பாக்கெட்டையும் சேர்த்து வைத்தார். வெட்டின ஓரம் அச்சாகப் பொருந்தியது. புதுப் படத்தையும் பழையதையும் மாற்றி மாற்றி அளந்தார்.

"அதே இடம், அதே அளவு. அப்ப யாரும் கவனிக்கல போல, எட்டு வருஷமா அசையல. சாதுதான். இப்ப ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். தலைவலி கண்ணால வர்றதுதான், மூக்குக்கண்ணாடியை மாத்துங்க. இந்தத் துண்டுகளைப் பத்திரமா வெச்சிருங்க."

சம்பந்தி கையை நீட்டினார். சம்பந்தியம்மா முந்திக்கொண்டு வாங்கினார்.

"உங்க கையில குடுத்தா ஆறு மாசத்துல பொத்தான்பட்டியாத்தான் வரும்!"