பிரபு வாயில் கழுதைக்காரன் வசை

ஸ்டுடியோக்காரர்கள் செனோபியோ சண்டோவாலுக்கு நாற்பத்தைந்து டாலர் கடன்பட்டிருந்தார்கள். குதிரையோடு மூன்று தடவை விழுந்ததற்கு, தடவைக்குப் பதினைந்து.

பகலில் பிரபு, முகமூடி போட்டால் கொள்ளைக்காரன். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுப்பவன். அதுதான் படம். சினிமா பேசத் தொடங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பிரபுவாக நடித்த ஹார்லன் டெவ்ரிக்குக் குரல் வெண்ணெய். குதிரை என்றால் பயம். முகமூடிக் காட்சி வந்ததும் அவர் இறங்கிவிடுவார், செனோபியோ ஏறுவான். படிப்பு இரண்டாம் வகுப்புதான். ஆனால் மெக்சிகோவின் சொனோராவில் பன்னிரண்டு வயதிலேயே காட்டுக்குதிரை அடக்கியவன். அவனைப் போல விழ லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னொருவன் பிறக்கவில்லை. அதில் பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது தடவை தோள்மூட்டு நழுவியது. வைத்தியச் செலவுக்குச் சேணம் அடகுக்குப் போனது. சொந்தச் சேணம் இல்லாதவனை எந்தப் படத்திலும் சேர்க்கமாட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் மீட்காவிட்டால் அது கடைக்காரனுக்கு. அப்புறம் செனோபியோ ஆரஞ்சுத் தோட்டத்தில் கூடை சுமக்க வேண்டியதுதான்.

பணம் கேட்கப் போனபோது காசாளர் பிங்காம் பத்திரிகையை எடுத்துக் காட்டினார். எல்லாச் சவாரியும் தானே செய்ததாக டெவ்ரி பேட்டி கொடுத்திருந்தார்.

"அவரே விழுந்தாருன்னு அச்சுல இருக்கு. உனக்கு எதுக்குய்யா காசு?"

"நழுவுனது என் தோளுங்க."

"முகமூடி போட்டுட்டா எல்லாத் தோளும் ஒண்ணுதான்."

ஏழைக்கு வாரிக் கொடுக்கும் படம். கொடுப்பதெல்லாம் திரையோடு சரி. வீட்டுக்கு வந்தால் மனைவி ரெஃபூஹியா விடவில்லை. "பிரபுவே, வர்ற வழியில ஒரு உப்புக்கடையையாவது கொள்ளையடிச்சுட்டு வரக்கூடாதா?"

வெள்ளிக்கிழமை மெயின் தெருவில் நம் மெக்சிகோ ஜனங்களின் கொட்டகைக்குப் படம் வந்தது. புதருக்குள் ஒளித்து வைத்த மைக், தோள் நழுவிய நொடியில் செனோபியோ வாயிலிருந்து வந்ததை அப்படியே பிடித்திருந்தது. குதிரையின் தாய், தாயின் தாய், அதற்கு லாடம் அடித்தவன், ஒருவரையும் விடவில்லை. ஸ்டுடியோவில் ஸ்பானிஷ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை; பிரபுகுலத்துப் போர்முழக்கம் என்று மகிழ்ந்து விட்டுவைத்தார்கள். அதைத் தானே இயற்றியதாகவும் டெவ்ரி பேட்டியில் சொல்லியிருந்தார்.

சிரித்த சிரிப்பில் கொட்டகை இடிந்து விழாதது ஆச்சரியம். பாதிரியார் எழுந்து போனார். போகும்போது அவர் தோளும் குலுங்கிற்று.

மறுநாள் காலை கொட்டகைக்காரர் படப்பெட்டியைத் திருப்பி அனுப்பினார். மெக்சிகோவில் படம் வாங்கியவருக்கும் செய்தி எட்டிவிட்டது. அந்த இடத்தில் வேறு குரல் சேர்க்க டெவ்ரி பத்து தடவை கத்திப் பார்த்தார். தேநீர் கேட்பது போலிருந்ததாம். மத்தியானம் செனோபியோ வீட்டு வாசலில் ஸ்டுடியோ கார் நின்றது.

ஒலிப்பதிவு அறையில் வசையில்லாத முழக்கத்துக்காக எல்லோரும் காத்திருக்க, அவன் மைக்கைத் தள்ளி வைத்தான்.

"மொதல்ல நாப்பத்தஞ்சு. பெறகுதான் பிரபு பேசுவாரு."

"விழுந்ததுக்குன்னு நான் எப்படிய்யா எழுதுவேன்?" என்றார் பிங்காம். "டெவ்ரிதான விழுந்தாரு?"

"அப்ப ஊருக்கு முன்னாடி திட்டுனதும் அவருதாங்க. நான் வரேன்."

மூலையில் நின்ற டெவ்ரி காசாளரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிங்காம் பெட்டியைத் திறந்தார். செனோபியோ வலிக்காத கையை நீட்டினான். நாலு பத்து டாலர் நோட்டு, ஒரு அஞ்சு. ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, அவர் அந்த உள்ளங்கையில் வைத்தார்.