காம்பராவில் ஒரு சாவு

மேமலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த பழைய லயம் ஒன்றில், கடைசி இரண்டு காம்பராக்கள்தான் எங்கள் வரலாற்றுச் சங்கத்தின் காட்சியறை. ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகும் பஸ்ஸில் போய் இறங்கி, மூச்சு வாங்க மேலே நடக்க வேண்டும். பதுளை டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் இந்த நௌபருக்கு அங்கே என்ன வேலை என்று என் மனைவியே கேட்பாள். சங்கம் தொடங்கியபோது ஆணியும் பூட்டும் சும்மா கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். கொடுத்தவன் தலையிலேயே கட்டுவது எங்கள் ஊர்ப் புத்தி.

ஆனால் அந்த இடத்தை நடத்துவது சங்கம் அல்ல, தனலெட்சுமி. கொழுந்து எடுத்தே முழங்கால் தேய்ந்து வேலையை விட்டவர். புருஷன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். யாராவது அந்தப் பேச்சை இழுத்தால், "அந்தாளையும் கொண்டாந்து கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிருவோமா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். காலையில் கதவைத் திறந்து கூட்டித் துடைத்து, வருகிறவர்கள் சாமானைத் தொட்டால் ஏசி, மாலையில் பூட்டுவார். காட்சியறை என்ற சொல்லே அவர் வாயில் வராது. அவருக்கு அது காம்பராதான்.

நாங்கள் சாமான் சேர்க்கத் தொடங்கியபோது மேமலை ஆட்கள் எல்லாவற்றையும் கழுவிக் கொடுத்தார்கள். நாலு பேர் வந்து பார்க்கும் இடத்தில் அழுக்கையா வைப்பது? தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி தீட்டித் தீட்டிப் பளபளத்தது. மலைக்குப் போகும்போது பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு, சவர்க்காரம் போட்டுத் துவைத்து மடித்து வந்தது. முதுகில் தொங்கும் கூடைகளுக்கெல்லாம், தலையில் மாட்டப் புதுக் கயிறு. உழைத்த அடையாளமெல்லாம் போயிற்றே என்று எங்கள் செயலாளர் ஜெயந்தினி டீச்சர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தனலெட்சுமி லயம் லயமாகப் போய்ச் சண்டை பிடித்தார்.

"நீங்க மழையில நனஞ்சத கேட்டா, சோப்புத் தண்ணியக் குடுக்குறீங்களே!"

பாக்கியலெட்சுமியின் கூடை அப்படிப் பறித்துக்கொண்டு வந்ததுதான். தனலெட்சுமியும் அவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்த கூட்டாளிகள். கூடை போய் நைலோன் பை வந்த பிறகு கூரைக்கடியில் அட்டலில் கிடந்த கூடை அது. புதுக் கயிறு போடும்வரை பொறுக்கச் சொல்லிப் பாக்கியலெட்சுமி கெஞ்சினாராம். தனலெட்சுமி காதிலேயே வாங்கவில்லை.

போன வருடக் கடைசி மழையில் கீழ் லயத்தை மலை சரிந்து மூடியது. வீரய்யா தண்ணீர் ஓடும் கானில் அடைத்த மண்ணை வெட்டிவிட வெளியே போயிருந்தார். உள்ளே இருந்தவர் அவர் மனைவி பாக்கியலெட்சுமி. தோண்டினார்கள். மேலே இன்னும் சரியும் என்று பயந்து நிறுத்தினார்கள். பாக்கியலெட்சுமி கிடைக்கவே இல்லை. வீட்டோடு படமும் துணிமணியும் போயின. வீரய்யா லுணுகலையில் தங்கச்சி வீட்டோடு ஒண்டிக்கொண்டார். மனைவிக்கு எந்தக் காரியமும் செய்யவில்லை. புல்லில் ஓர் உருவம் கட்டி அடக்கிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னதற்கு, "புல்லுக்கா நான் தாலி கட்டுனேன்?" என்று எழுந்து போய்விட்டாராம்.

அவர் காம்பராவுக்கு வந்த அன்று நான் கதவுக்குப் பிணைச்சல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அவ கூடை இங்க இருக்குன்னாங்க, தனம். பாத்துட்டுப் போயிர்றேன்."

தனலெட்சுமி அவரை உட்காரவைத்து, ஆணியில் தொங்கிய கூடையைக் கழற்றி அவர் மடியில் வைத்தார். அவர் கூடையைப் பார்க்கவில்லை. கயிற்றைத்தான் தடவிக்கொண்டு போனார். உச்சந்தலையில் பதியும் இடத்தில் விரல் நின்றது. கயிற்று முறுக்குக்குள் முடி சிக்கியிருந்தது. நீளமான முடிகள். எல்லாம் கறுப்பு.

"நரைக்கிறதுக்கு முந்தி உள்ளது," என்றார் வீரய்யா. பிறகு, யாரையும் பார்க்காமல், "இதக் குடுத்தீங்கன்னா நான் அடக்கம் பண்ணிருவேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்," என்றார்.

பிணைச்சலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். ஆனாலும் பொருளாளர் புத்தி போகுமா? ஒரு சாமானும் வெளியே போகக் கூடாது என்பது சங்கத்தின் முடிவு. திருவிழாவில் அடிக்க என்று கொடுத்த தப்பு மேளம் தோல் கிழிந்து வந்த பிறகு டீச்சர் போட்ட கட்டுப்பாடு. நான்தான் வழிமொழிந்தேன். டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்கும்படி சொன்னேன். தனலெட்சுமி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

டீச்சர் கல்நெஞ்சக்காரி அல்ல. வழி தேடித்தான் கேட்டார்: "முடிய மட்டும் எடுக்க ஏலாதா அக்கா?"

"முறுக்கோட முறுக்கா இருக்கு டீச்சர். இழுத்தா அறுந்துரும். கயித்த வெட்டித்தான் குடுக்கணும்."

"அப்ப ஞாயித்துக்கிழம கூட்டத்துல வச்சி முடிவு எடுப்போம். அதுவரைக்கும் பத்திரமா வைங்க."

"பொணத்த நடுவூட்ல வச்சிக்கிட்டுக் கூட்டம் போடுவாங்களா டீச்சர்?"

பதிலுக்குத் தனலெட்சுமி காத்திருக்கவில்லை. போனை வைத்துவிட்டு, கவ்வாத்துக் கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்டினார்.

அந்த நிமிடத்திலிருந்து அது எழவு வீடு. தன் தீபாவளிச் சேலையைக் கொண்டுவந்து நடுவில் விரித்து, கயிற்றை நீட்டிக் கிடத்தினார். தலைமாட்டில் விளக்கு. சேதி எப்படித்தான் பரவியதோ, மலையிலிருந்த பெண்கள் பையை இறக்கிய கையோடு வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒப்பாரி வைத்தார்கள். தனலெட்சுமி ஒப்பாரி சொல்லவில்லை. "கயிறு வாங்குறேன்னு சொன்னியேடி, என்னத்துக்குடி ஒன்னைய ஏசினேன்," என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பார்க்க முடியாமல் வெளியே வந்து நின்றேன்.

அடுத்த பஸ்ஸில் டீச்சர் வந்து இறங்கினார். தடுக்க வந்தாரோ, பார்க்க வந்தாரோ, எனக்குத் தெரியாது. வாசலில் நின்று உள்ளே பார்த்தார். செருப்பைக் கழற்றினார். எல்லோரும் வாய்க்கரிசி போடும்போது அவரும் குனிந்து போட்டார். வெளியே வந்து என்னிடம், "கூட்டத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நௌபர் நானா," என்றார்.

சேலையில் சுற்றிய பொட்டலத்தை வீரய்யா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். பெண்கள் ரோடு திரும்பும் முடக்கில் நின்றுகொண்டார்கள். நாங்கள் ஆண்கள் பின்னால் போனோம். மயானத்தில் இரண்டு இளந்தாரிகள் முன்கூட்டியே போய்க் குழி வெட்டி வைத்திருந்தார்கள். பொட்டலத்துக்கு ஏற்ற மாதிரி, ஒரு கன்று நடும் அளவுக்கு.

வீரய்யா குழியைப் பார்த்தார். பொட்டலத்தை இறக்கவில்லை.

"இது பத்தாது தம்பி. அவ கால நீட்டிப் படுக்கணும்."

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மண்வெட்டியை வாங்கினேன். மாற்றி மாற்றி வெட்டினோம். ஆள் உயரத்துக்கு நீளமாக, இடுப்பளவு ஆழமாக. வெட்டி முடியும்வரை அவர் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டே நின்றார்.