நாற்பத்து மூன்றாவது லிஃப்ட்

‘மூணு நாள்’ என்று அவனுக்குப் பெயர் வைத்தது அவனுடைய அக்காதான். சின்ன வயதில் நீச்சல் கற்கப் போனான், மூணு நாள். கிடார் வகுப்பு, அதுவும் மூணு நாள். கல்யாணமான புதிதில் தினமும் விடிகாலையில் ஓடப்போகிறேன் என்று ஷூ வாங்கினான். அந்த ஷூ இன்றைக்கும் கடையிலிருந்து வந்த மேனிக்கு அட்டைப்பெட்டியில் தூங்குகிறது. முப்பத்தெட்டு வயதாகி, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும், அக்கா போனில் கூப்பிட்டால் “என்னடா மூணு நாள், சாப்பிட்டியா?” என்றுதான் ஆரம்பிப்பாள்.

ஆனால் தொழிலில் மட்டும் அவனை அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அவன் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்திரண்டு லிஃப்ட் அவன் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் மொட்டைமாடியில் இருக்கிற மெஷின் ரூமில் ஒரு அட்டை தொங்கும். கயிறு, பிரேக், கதவு, லிஃப்டுக்குக் கீழே இருக்கிற அடிக்குழி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அந்த மாதத்துக் கட்டத்தில் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். அடுத்த மாதம் யார் மொட்டைமாடி ஏறுவது என்று இரண்டு கட்டத்துக்கும் சேர்த்தே கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்குகிற மகானுபாவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. அவன் பதினாறு வருஷத்தில் ஒரு கட்டத்தைக்கூடப் பார்க்காமல் நிரப்பியதில்லை. “உள்ள ஏறுறவன் என் கையெழுத்த நம்பி ஏறுறான்” என்பான்.

அப்படிப்பட்டவன் தன் அக்கா விஷயத்தில் பண்ணிய கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அக்கா தையல்காரி. இரண்டு தெரு தள்ளி வீடு, முன்னறையில் தையல் மெஷின். ஒரு வருஷமாக ஈரல் கெட்டுக்கொண்டே வந்து, கண் மஞ்சளாகி, கால் வீங்கி, கடைசியில் மாற்று ஈரல்தான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொந்தத்தில் ஒருவர் தன் ஈரலில் ஒரு பங்கை வெட்டிக் கொடுத்தால் போதும், இரண்டு பேருக்கும் வளர்ந்துவிடும். அக்கா வீட்டுக்காரருக்கு ரத்த வகை சேரவில்லை. மகளுக்குப் பதினாறு வயது. தம்பிக்குச் சேர்ந்தது. “நான் தரேன்” என்று டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் சொன்னான்.

“அவசரப்படாதீங்க” என்றார் டாக்டர். “உங்க ஈரல்ல கொழுப்பு இருபத்தஞ்சு சதவீதம் இருக்கு. பத்துக்குக் கீழ வந்தாதான் நாங்க கை வைப்போம். தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி, சாப்பாட்டுல கட்டுப்பாடு. மூணு மாசம் பார்க்கலாம். அதுக்கு மேல உங்க அக்காவால தாங்க முடியாது.”

அக்கா அந்த நிலைமையிலும் சிரித்தாள். “போயும் போயும் மூணு நாள்கிட்ட மூணு மாசம் கேக்குறீங்களே டாக்டர்!”

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலமே தொண்ணூறு கட்டம் போட்டு, லிஃப்ட் அட்டை மாதிரியே ஒரு அட்டை எழுதி, ஃபிரிட்ஜில் ஒட்டினான். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜிம்மில் நின்றான். அந்த ஜிம் ஆறாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவனுடையதுதான். மாஸ்டர் தெரிந்தவர், இரண்டு தடவை லிஃப்டில் மாட்டிக்கொண்டபோது இவன் வெளியே இழுத்துப் போட்ட ஆள். அவர் இவனை டிரெட்மில்லில் ஏற்றிவிட்டு, “இப்ப என் முறை” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் நாள் ஜோர். இரண்டாம் நாள் தொடை இரண்டும் ‘நாங்கள் உன்னுடையவை இல்லை’ என்றன. மூன்றாம் நாள் ஓடிக்கொண்டே இருந்தவனுக்குத் திடீரென்று வயிற்றைக் கலக்கியது. இறங்கி, சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். “காலையில வெறும் வயித்துல வந்தீங்களா?” என்றார் மாஸ்டர். ஆமாம் என்று தலையாட்டினான். பொய். வாழைப்பழம் தின்றுவிட்டுத்தான் வந்திருந்தான்.

நான்காம் நாள் ஜிம் வாசல்வரை போனான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் முதுகு தெரிந்தது. கால் உள்ளே போக மாட்டேன் என்றது. திரும்பி வீட்டுக்குப் போகலாமென்றால் மனைவி என்ன ஏது என்று குடைவாள். படியேறி மொட்டைமாடிக்குப் போனான், மெஷின் ரூமைத் திறந்தான், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். ஆறு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புவான், ஏழு வரைக்கும் வாளிமேல் உட்கார்ந்திருப்பான். உட்கார்ந்திருப்பான் என்றா சொன்னேன்? அதுவும் முடியாது. எழுவான், பிரேக்கைத் தொட்டுப் பார்ப்பான், கதவுவரை போவான், வருவான். இருப்பே கொள்ளாது. கீழே எடைக்கட்டையைப் போடுகிற சத்தம் தரை வழியாகத் தொம் தொம்மென்று உள்ளங்காலில் ஏறும். ஒவ்வொரு தொம்முக்கும் அக்கா முகம் வரும். இப்போதே இறங்கிப் போய்விடலாம் என்று கதவைப் பிடிப்பான், பிடித்தபடியே நிற்பான். ஜன்னல் இல்லாத அறை, மோட்டார் சூடு வேறு. ஏழு மணிக்குச் சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வேர்வை வரும்.

அந்தச் சட்டையோடு வீட்டுக்கு வந்தால் மனைவிக்கு வாயெல்லாம் பல். “பரவாயில்லையே! இந்தத் தடவை சாதிச்சிட்டீங்க!” என்று துண்டை நீட்டுவாள். அவன் ஃபிரிட்ஜ் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவான். முதல் தடவை போடும்போது விரல் கூசியது. பத்தாவது தடவை கூசவில்லை. நாளைக்கு நிஜமாகவே போய்விடுவோம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓடிவிடுவோம் என்று தனக்கே காது குத்திக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கூப்பிட்டு இடுப்பளவு எடுப்பாள். டேப் இடுப்பைச் சுற்றும்போது அவன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பான். அவள் நோட்டில் குறித்துக்கொள்வாள். வாராவாரம் அவள் கை மெலிந்துகொண்டே வந்தது. அந்தக் கையைப் பார்க்கக்கூடாது என்று கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

முதல் மாதம் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். இருபத்தாறு சதவீதம். டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தினமும் போறீங்கதானே?”

“போறேன் டாக்டர்.”

“அப்புறம் எப்படி ஒண்ணு ஏறும்? இன்னும் ரெண்டு மாசம்தான். பார்த்துக்கோங்க.”

வெளியே வந்ததும் அக்கா, “நேரா என் வீட்டுக்கு விடு” என்றாள். போனார்கள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள், துணியை எடுக்கவில்லை. வெறும் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டாள்.

“மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னா டேப்புக்குத் தெரியாதாடா? இருபது வருஷமா இதே வேலையாத்தான் இருக்கேன். ரெண்டாவது ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சுபோச்சு.”

அவன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

“சட்டையில கிரீஸ் வாசனை வேற. எந்த ஜிம்முலடா கிரீஸ் தடவுறாங்க?”

“அக்கா…”

“பொறு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உன் லிஃப்ட் அட்டையில இப்படிப் பார்க்காம கையெழுத்துப் போடுவியா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. எழுந்தான், ஜன்னலுக்குப் போனான், திரும்ப வந்தான், மறுபடி எழுந்தான். கடைசியில் எங்கேயோ பார்த்துக்கொண்டு, “ஓடும்போது நினைப்பு வந்துருச்சுக்கா” என்றான்.

“என்ன நினைப்பு?”

“கொழுப்பு குறைஞ்சா… வயித்தக் கிழிப்பாங்கல்ல.” சொல்லிவிட்டுத் தையல் மெஷின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். “ஒவ்வொரு அடி ஓடும்போதும் அந்தக் கத்திகிட்டதான் ஓடுற மாதிரி இருக்கு. எனக்கு ரொம்பப் பயமா இருக்குக்கா.”

அழுதது அக்கா இல்லை, அவன்தான்.

“இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்னடா?” என்றாள். “எனக்கு மட்டும் பயம் இல்லையா? தினம் தினம் செத்துப் பிழைக்கிறேன். வேணாம்னா வேணாம். நீ எனக்குத் தம்பிதான், எப்பவும். ஆனா என்கிட்ட நம்பிக்கையக் காட்டி ஏமாத்தாத. அத மட்டும் என்னால தாங்க முடியாது.”

வேணாம்னா வேணாம். அதைக் கேட்டதும் அவன் நிம்மதியாகத்தானே போயிருக்க வேண்டும்? போகவில்லை. வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் அட்டையைக் கிழித்தான். மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் கத்தவில்லை, துண்டை மடித்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது கத்தலைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் ஐந்தரை மணிக்கே மெஷின் ரூமுக்குப் போனான். வாளியை நிமிர்த்தி வைத்தான். பையிலிருந்து புது லிஃப்ட் அட்டை ஒன்றை எடுத்தான். மாதக் கட்டங்களைக் கோடிழுத்து அறுபது நாள் கட்டங்களாகப் பிரித்தான். லிஃப்ட் எண் என்று போட்டிருந்த இடத்தில் நாற்பத்து மூன்று என்று எழுதினான். கட்டட லிஃப்டின் அட்டைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினான். இத்தனை வருஷத்தில் எந்த லிஃப்டுக்கும் மனசு வந்து அவன் போனதில்லை. சலிப்பு இருந்தாலும் போனான், காய்ச்சல் இருந்தாலும் போனான், மனைவியோடு சண்டை என்றாலும் போனான். போக வேண்டிய பட்டியலில் இருந்ததால் போனான், அவ்வளவுதான். பயத்தோடும் போகலாம்தானே?

போனான். மாஸ்டர் பார்த்துவிட்டு, “என்ன சார், ஒரு மாசமா ஆளையே காணோம்? லிஃப்ட்ல மாட்டிக்கிட்டீங்களா?” என்றார். “ஆமா, மேல மாட்டிக்கிட்டேன்” என்றான் இவன்.

சுலபமாக நடந்தது என்று நான் சொன்னால் அது சுத்தப் புளுகு. ஒவ்வொரு காலையும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் கைப்பிடியைத் தொட்டான். இருபதாம் நாள் டிரெட்மில்லை நிறுத்திவிட்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு மிச்சம் பதினெட்டு நிமிஷத்தை ஓடினான். சாப்பாட்டில் பாதியைக் குறைத்ததில் எரிச்சல் தலைக்கேறி, ஒரு அப்பார்ட்மெண்ட் செயலாளரிடம் ‘உங்க லிஃப்டுக்கு இருக்கிற பொறுமை உங்களுக்கு இல்ல’ என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். இரண்டு நாள் போகவே முடியவில்லை. அந்த இரண்டு கட்டத்தையும் காலியாகவே விட்டான். மாடியேறி அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அவை பல் விழுந்த வாய் மாதிரி இளித்தன. நிரப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா டேப் எடுத்தால் மூச்சை வெளியே விட்டுவிட்டு நின்றான். ஒரு வாரம் அரை அங்குலம், ஒரு வாரம் ஒன்றுமில்லை, ஒரு வாரம் முக்கால். அவள் படுக்கையிலிருந்து எழ முடியாமல் போன பிறகு, அவன் கட்டில் பக்கத்தில் போய் நின்றான். அவள் படுத்தபடியே டேப்பைப் பிடித்தாள், எண்ணைப் படித்தாள். “நாளைக்கும் போ” என்பாள்.

மூன்றாவது மாத ஸ்கேன்: ஒன்பதரை. டாக்டர் எழுந்து கைகொடுத்தார். அவனுக்குச் சந்தோஷம் பொங்கியது. அதே நொடியில் அந்தக் கத்தியும் கண்முன் வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம், அவனை மட்டும் ஒரு அறைக்குக் கூப்பிட்டு, டாக்டர் ஒப்புதல் படிவத்தை நீட்டினார். “யாரும் உங்கள வற்புறுத்தலையே? நாளைக்கு டேபிள்ல படுத்தப்புறம்கூட நீங்க வேணாம்னு சொல்லலாம். என்ன காரணம்னு உங்க அக்காகிட்ட நாங்க சொல்லமாட்டோம்.”

அவன் பேனாவை வாங்கினான். ஆனால் போடவில்லை. முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, ஆயிரத்தில் இத்தனை பேருக்கு மரணம். நான்கு பக்கம். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவன் ஒரு வரி விடாமல் படித்தான். படித்து முடித்ததும் தலை நிமிர்ந்து, “எனக்குப் பயமா இருக்கு டாக்டர்” என்றான். குரல் கணீரென்று வந்தது. பிறகு தேதி போட்டான், கையெழுத்துப் போட்டான்.

வார்டில் அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவன் வந்து நின்றது தெரிந்து, கண் திறக்காமலே கேட்டாள்.

“பார்த்துட்டுத்தான் போட்டியா?”

“எல்லாம் பார்த்துட்டேன்க்கா” என்றான். “நீ நம்பி ஏறலாம்.”