டிரம் எடு

பழவேற்காட்டில் யாருடைய செல்போன் மக்கர் செய்தாலும் ஜலாலுதீன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவர் இறால் வியாபாரி, போனைப் பிரித்தே பார்த்ததில்லை. மகள் சமீனா கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் ஊரின் மிக்சி, டி.வி. எல்லாம் அவள் தலையில் விடியும். அவளும் முகம் சுளிக்காமல் பார்ப்பாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வராது. அந்தக் குணம் இல்லாதிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

2005இல் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், உலைகளுக்குச் செங்கல் செய்யும் ஓர் ஆலையில் அவளுக்கு வேலை கிடைத்தது. பொன்னேரி வரை பஸ், அப்புறம் ரயில். ஆலையின் நடுவில் ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு ஒரு கலவை டிரம். அதன் உள்சுவரில் இறுகிப்போகும் கலவையைச் சுரண்ட ஃபிட்டர் தேசப்பன் உளியோடு உள்ளே இறங்குவார். இறங்குமுன் ஷெட்டின் மறுகோடிக்கு நடந்து, தன் கையாலேயே ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் வருவார்.

மேனேஜர் துளசிராமனுக்கு அந்த நடை கண்ணை உறுத்தியது. எல்லாம் கம்ப்யூட்டரில் வந்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். டிரம்மை இயக்கும் புரோகிராமை மீஞ்சூர் ஆசீர்வாதம் எழுதினான். அதன் ஜன்னலுக்குள் ஒரு வெப் பக்கம் தெரியும். அந்தப் பக்கத்தை எழுதுவது சமீனாவின் பொறுப்பு. அதிலுள்ள பட்டனை அமுக்கினால், பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் அந்தப் புரோகிராமைப் பெயர் சொல்லிக் கூப்பிடும், புரோகிராம் வேலையைச் செய்துவிட்டுப் பதில் தரும். பக்கம் வெறும் வாய்தான். கை முழுக்க உள்ளே இருந்தது.

பாதி வேலையில் ஆசீர்வாதத்துக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. போகிறபோது கூப்பிட வேண்டிய பெயர்களை மட்டும் சமீனாவிடம் சொல்லிவிட்டுப் போனான். டிரம்நிறுத்து, டிரம்போடு, டிரம்எடு. இங்கிலீஷ் எழுத்தில் நம்முடைய பேச்சு. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாப்பாவின் ஐஸ் கிடங்கில் பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தைகள். கரண்டைப் போடு என்றால் ஓடும், கரண்டை எடு என்றால் நிற்கும். இதில் கேட்க என்ன இருக்கிறது? ‘கரண்ட் துண்டி’ என்ற பட்டனுக்கு டிரம்எடுவைக் கொடுத்தாள். மேசையில் சோதித்துப் பார்த்தபோது டிரம் ஏது, எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் புரோகிராம் ‘சரி’ என்றது. போதாக்குறைக்கு, பதில் வரும்வரை ஆட்கள் ஏன் காத்திருக்க வேண்டும் என்று, அமுக்கியவுடனே, வேலை முடிந்ததுபோல் பட்டன் பச்சையாகும்படியும் எழுதி வைத்தாள். கெட்டிக்காரத்தனம்தான், இல்லையென்று யார் சொன்னது.

புதுத் திரை வந்த முதல் நாள், பழைய ஸ்விட்சில் போட்டு ஓடிக்கொண்டிருந்த டிரம்மை ஆபரேட்டர் வசந்தகுமார் திரையிலிருந்தே நிறுத்தினான். அழகாக நின்றது. துளசிராமன் கைதட்டினார். அடுத்தது சுரண்டும் வேலை. தேசப்பன் வழக்கம்போல் ஃபியூஸ் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

“இன்னும் இன்னாத்துக்குயா அங்க போற? இங்கயே பட்டன் கீது” என்றார் துளசிராமன்.

தேசப்பன் நின்று சமீனாவைப் பார்த்தார். “பாப்பா, நீ சொல்லு. உள்ள போவப்போறது நானு. கரண்டு கட்டாயிடுமா?”

அவர் உயிர் அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆசீர்வாதத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். மேனேஜர் முன்னால், முதல் நாளே, எப்படி?

“ஆயிடும்ணா. நான் கியாரண்டி” என்றாள்.

வசந்தகுமார் அமுக்கினான். பட்டன் பச்சையானது. தேசப்பன் உளியை எடுத்துக்கொண்டு குனிந்து உள்ளே போனார். டங், டங் என்று சுரண்டும் சத்தம் கேட்டது.

அதற்கடியில் இன்னொரு சத்தம். மெல்லிய முனகல்.

“இன்னா மேடம், ஆயில் பம்ப்பு ஓடிகினு கீது?” என்றான் வசந்தகுமார். “டிரம்மு சுத்தறதுக்கு முன்னாடிதான அது ஓடும்?”

சமீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆசீர்வாதத்தின் வீட்டில் லாரி ஓட்டுகிறார்கள். அவன் காதில் எடு என்றால் வண்டியை எடு. கிளப்பு. போடு என்றால் பூட்டுப் போடு. அவள் கூப்பிட்டது டிரம்மைக் கிளப்பச் சொல்லி.

பாய்ந்து ‘நிறுத்து’ பட்டனை அமுக்கினாள். திரை அசையவில்லை. மறுபடி அமுக்கினாள். டிரம் சுற்றத் தொடங்கிய பிறகுதான் புரோகிராம் பதில் சொல்லும், பதில் வரும்வரை பக்கத்துக்குக் காது கேட்காது. பச்சை மட்டும் பச்சையாகவே நின்றது.

“தேசப்பண்ணா, வெளிய வாங்க” என்று கத்தினாள். உளிச் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? வசந்தகுமார் ஷெட்டின் மறுகோடிக்கு ஓடினான். சமீனா டிரம்மை நோக்கி ஓடினாள். டிரம்மின் வாய்க்குள் அவள் தலையை நீட்டவும் அவர் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. உளியைப் போட்டுவிட்டு எழுந்தார். ஒரு கால் வெளியே வந்தது. டிரம் திரும்பியது.

வசந்தகுமார் மெயினை இறக்கியபோது டிரம் அரைச் சுற்றுக்கு மேல் போயிருக்கவில்லை. அதுவே போதுமாயிருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தேசப்பனின் மனைவி பூவம்மாள் நடவு வயலிலிருந்து சேறு காயாத காலோடு வந்தாள். துளசிராமன் முதலாளியிடம் பேச வெளியே போனவர் திரும்பவே இல்லை. டாக்டர் இங்கிலீஷும் தமிழுமாய் எதையோ சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டு அவசரமாக நகர்ந்தார். பூவம்மாள் நர்ஸைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கடைசியில் சமீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நடந்தது எப்படி என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“எனக்கு ஒண்ணும் புரியலமா. நீ படிச்ச பொண்ணு. அவரு காலை இன்னா பண்ணணும்னு சொல்றாரு?”

பூவம்மாள் பிடித்த கையை விடாமல் சமீனாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடுக்கணுமாம்க்கா” என்றாள் சமீனா.