பம்பரமும் பால் குழாயும்

தெருவில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் கையில் சாவிக்கொத்து ஆடும். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே "சீக்கிரம் பாருங்க, வேலை கெடக்கு" என்று சொன்னவர். அப்படிப்பட்டவருக்கு வாய்த்ததோ மூச்சைக்கூடப் பார்த்து விடவேண்டிய தொழில்: எவர்சில்வர் குழாய்களை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டுவது.

இப்போது ஒரு பால் தொழிற்சாலையில் வேலை. பால் ஓடும் குழாயை ஒட்டும்போது தனியாகக் கம்பி உருக்கிச் சேர்க்கக் கூடாது என்பது சூப்பர்வைசரின் கட்டளை. இரண்டு முனைகளையும் இழைத்து, இடையில் வெளிச்சம்கூடப் புகாமல் முட்டவைத்து, அவற்றையே உருக்கி ஒன்றாக்க வேண்டும். பம்பரத்துக்கும் அதுதான் கௌரவம். கம்பி உருக்கி ஒட்டுவது கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுவது மாதிரி என்பார்.

அங்கே உதவியாளாகச் சேர்ந்திருந்தவர் அவர் மனைவியின் அண்ணன். செருப்புக்கடையை மூடிவிட்டு வந்தவர். வேலை நிரந்தரமா என்பதை அந்த வாரம்தான் முடிவு செய்வார்கள்.

"எங்கண்ணனை எப்படியாவது அங்க நிக்க வச்சிருங்க. இல்லன்னா அவரு இருக்கப்போறது நம்ம ஹால்லதான்" என்று மனைவி சொல்லியிருந்தாள். மச்சான் ஏற்கெனவே ஹாலில்தான் இருந்தார். டி.வி. ரிமோட்டும் அவரிடம்தான் இருந்தது. பம்பரத்துக்கு இதைவிடப் பெரிய கவலை உலகத்தில் இல்லை.

குழாய்க்குள் காற்று இருந்தால் ஒட்டின் உட்புறம் கருகிப் பொருக்குத் தட்டிவிடும். பால் அதில் தங்கிக் கெடும். ஆகவே குழாயின் இரண்டு வெளிமுனைகளையும் டேப்பால் மூடி, ஒரு பக்கம் ஆர்கான் வாயுவை விடவேண்டும். மறுபக்க டேப்பில் ஒரு சின்னத் துளை வேண்டும், உள்ளிருக்கும் காற்றும் மிஞ்சும் வாயுவும் வெளியேற. காற்று முழுக்கப் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

"மச்சான், டேப்பை இறுக்கமா ஒட்டுங்க. பொட்டுக் காத்து உள்ள போகக் கூடாது" என்றார் பம்பரம். துளையைப் பற்றிச் சொல்வதற்குள் கால் அவரை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டது. மச்சான் செருப்புப் பெட்டி கட்டிய கையால் சுற்று மேல் சுற்றாக ஒட்டினார்.

பம்பரத்தின் கையிலிருந்த வெல்டிங் டார்ச், குழாயைச் சுற்றி அழகாக வந்தது. நக அகலம்தான் பாக்கி. வழியில்லாமல் உள்ளே முட்டிக்கொண்டிருந்த வாயு, உருகிய இடத்தைப் பிய்த்துக்கொண்டு 'புஸ்'ஸென்று வெளியேறியது. ஒட்டில் ஓட்டை.

பம்பரம் சுற்றுமுற்றும் பார்த்தார். பெட்டியிலிருந்து ஒரு கம்பியை எடுத்தார்.

"கம்பி கூடாதுன்னீங்களே மாப்ளே."

"சும்மா இருங்க மச்சான்."

"சும்மாதான் கேட்டேன்" என்றார் மச்சான். அதற்குள் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"டேப் ஒட்டினது யாரு?"

"நான்தான் சார். மாப்ள சொன்னபடி."

"துளை விடச் சொன்னாரா?"

மச்சான் பம்பரத்தைப் பார்த்தார். சொன்னேன் என்றால் பம்பரத்தின் பெயர் பிழைக்கும். மச்சான் ஹாலிலேயே தங்கிவிடுவார். சொல்லவில்லை என்றால் இத்தனை வருஷப் பெயர் போகும். பம்பரத்தின் கால் ஆடுவது நின்றது.

"சொல்லல சார். என் தப்பு." தியாகத்தில் சொன்னாரா, ரிமோட்டை நினைத்துச் சொன்னாரா, அவருக்கே தெரியாது.

சூப்பர்வைசர் கம்பியை வாங்கிப் பெட்டியில் போட்டார். "ஒட்டை வெட்டிட்டு மறுபடி செய்ங்க. சொன்னதைச் செய்யிற ஆளு, இவரு இருக்கட்டும். ஆனா இனிமே இவரு சரின்னு சொல்ற வரைக்கும் நீங்க டார்ச்சைத் தொடக் கூடாது."

வெட்டி, இழைத்து, மறுபடி முட்டவைத்தார்கள். மச்சான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துளையில் வரும் வாயுவை விரலில் வாங்கிப் பார்த்தார். செருப்புக்கடையில் வாடிக்கையாளருக்காக நாள் முழுக்கக் காத்திருந்த மனிதர். அவருக்கு என்ன அவசரம்?

"ஆச்சா மச்சான்?"

"இருங்க மாப்ளே."

"இப்ப?"

"உக்காருங்களேன், பாத்துட்டுச் சொல்றேன்."