பாக்கி எதுவும் இல்லை

அட்டைப்பெட்டி கம்பெனியில் எல்லாரும் அவளைக் கையெழுத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாகச் சம்பளக் கணக்கு அவள் பொறுப்பு. வேலையை விட்டுப் போகிறவர்கள் கடைசியாக அவள் மேஜைக்குத்தான் வர வேண்டும். அரைத்தாளில் அவளே எழுதி நீட்டுவாள்: 'எனக்கு வரவேண்டியதெல்லாம் வந்துவிட்டது. இனிமேல் பாக்கி எதுவும் இல்லை.' படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்கள். சிலர் போகிற அவசரத்தில் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பசை ஒட்டும் பிரிவில் ஆறு வருஷம் நின்ற ஒருத்தி, புருஷன் ஏணியிலிருந்து விழுந்து படுத்துவிட்டதால் வேலையை விட்டாள். கையெழுத்துப் போடும் முன் கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா, இந்த வருஷம் ஒம்பது மாசம் வேலை பாத்திருக்கேன். போனஸ் ஏதாச்சும் வருமா?"

"விட்டுப் போனவங்களுக்குக் கிடையாதும்மா."

"அதானே. சும்மாதான் கேட்டேன்" என்று போட்டுவிட்டுப் போனாள்.

அது பொய் என்று அக்காவுக்குத் தெரியும். முந்தின வருஷம்தான் தொழிலாளர் அலுவலகத்தில் சம்பளக் கணக்கு எழுதுகிறவர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் வகுப்பு நடத்தியிருந்தார்கள். ராஜினாமா செய்தாலும் வேலை பார்த்த நாட்களுக்கான போனஸைக் கொடுத்தே ஆக வேண்டும், அது முதலாளி மனசு வைத்துத் தரும் இனாம் இல்லை என்று அதிகாரி போர்டில் கணக்குப் போட்டே காட்டினார். அக்கா வந்து முதலாளியிடம் சொன்னாள்.

"கேக்கறவங்களுக்குக் கொடுத்துடுவோம்மா. யாரு கேக்கறா?" என்று அவர் சிரித்தார்.

பசை ஒட்டியவள் கேட்டாள். அக்கா அதை முதலாளி காதில் போடவே இல்லை. போனஸ் சமயத்தில் அவர் அக்காவுக்கு மட்டும் தனியாக ஒரு கவர் கொடுப்பார். அந்த வருஷக் கவரில் அவள் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து, துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த அவள் தங்கை வேலையை விட்டாள். அங்கேயும் அதே பதில். அக்கா போனஸ் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். மூன்றே வாரத்தில் பணம் வந்தது. தங்கை அன்று சாப்பாட்டுக்கு வந்திருந்தாள்.

"ஒரே ஒரு லெட்டர்க்கா! அங்க ஆபீஸ்ல ஒருத்தி இருக்கா பாரு, வாய் கூசாமக் கிடையாதுன்னு சொன்னா. அவளுக்கெல்லாம் எப்படித்தான் சோறு இறங்குதோ?"

அக்கா தட்டில் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்னக்கா, உப்பு பத்தலையா?"

மறுநாளே பழைய ஃபைல்களைத் தூசி தட்டினாள். விட்டுப் போனவர்கள் இருபத்து மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமைகளில், போனஸ் கேட்டு அவர்கள் பேரில் எழுதிய கடிதங்களோடு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். பசை ஒட்டியவள் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினாள்.

"நான்தான் பாக்கி இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டேனே?"

"அது செல்லாதும்மா. சட்டம் கொடுக்கறதை அப்படியெல்லாம் எழுதி வாங்கிட முடியாது."

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

அக்கா தரையைப் பார்த்தாள். "தெரியும்."

அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். "அந்த மாசம் ஊசி மருந்துக்கு என் தோட்டை வித்தேன்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். மேஜை முழுக்கக் கடிதங்கள்.

"அத்தனையும் ஒரே கையெழுத்து. கொஞ்சம் மாத்தியாவது எழுதியிருக்கக் கூடாதா?"

"எனக்கு ஒரு கையெழுத்துதான் சார் வரும்."

நகல் தொழிலாளர் அலுவலகத்துக்கும் போயிருந்ததால் அவருக்கு வேறு வழியில்லை. பதினெட்டுப் பேருக்குப் பணம் கிடைத்தது. அக்காவைக் குடோனுக்கு மாற்றினார்கள். அட்டைக்கட்டு எண்ணுகிற வேலை. மிச்சம் ஐந்து பேர் விட்டுப்போய் ரொம்ப நாளாகிவிட்டது, கெடு தாண்டிவிட்டது என்று அதிகாரி முன்பே கைவிரித்திருந்தார். அவர்கள் வீட்டுக்கு மட்டும் அவள் போகவே இல்லை.

அந்த ஐந்து பேரில் ஒருவர் முன்பு பெட்டிக்குக் கம்பிப் பின் அடித்தவர். இப்போது பஸ் நிறுத்தத்தில் பழவண்டி வைத்திருக்கிறார். அக்காவைக் கண்டால், "நம்ம கம்பெனி ஆளாச்சே" என்று கூடுதலாக இரண்டு பழம் போடுவார். நாலைந்து தடவை வாங்கிக்கொண்டாள். ஒரு காலையில் பையை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவர் தராசைக் கீழே வைத்தார். "எவ்வளவு இருக்கும்?"

சொன்னாள்.  இன்னொருவர் வந்து விலை கேட்க, அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போதும் அக்கா அங்கேதான் பழம் வாங்குகிறாள். அவர் சரியாக நிறுத்து, சரியாகச் சில்லறை கொடுக்கிறார். பேச்சு கிடையாது.