மெஷின் சொன்ன நாலு கிலோ

அக்காவின் பிள்ளை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். இரண்டு கிலோ எடை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எடை குறைந்தால் உடனே தூக்கி வரச் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே மச்சான் செல்போனில் ஆர்டர் போட்டு ஓர் எடை மெஷின் வாங்கினார்.

பிள்ளை வீட்டுக்கு வந்த பத்தாம் நாள்தான் அது வந்துசேர்ந்தது. முதல் தடவை கிடத்தியதும் 4.3 காட்டியது. உடனே எனக்குப் போன். "மாப்ள, ஒம் மருமகன் நாலு கிலோவத் தாண்டிட்டான்!"

"மெதுவாச் சொல்லுடா, கண்ணு பட்டுரும்" என்று பின்னால் அவருடைய அம்மாவின் குரல்.

அக்கா போனை வாங்கினாள். "இல்லடா தம்பி, புள்ள மெலிஞ்சுக்கிட்டே போறான். பால் குடிக்கயிலயே தூங்கிப்போறான்."

"மெஷின் பொய் சொல்லுமாக்கா? சும்மா பயப்படாத" என்றேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வரை போனவன் நான் ஒருவன்தான். நானே சொன்ன பிறகு அவள் என்ன பேசுவாள்? பத்து நாளில் ஒரு பிள்ளை இரண்டு மடங்காகுமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று நாள் கழித்து மல்லாங்கிணற்றில் பஸ் இறங்கி அவர்கள் வீட்டுக்குப் போனேன். தொட்டிலில் கிடந்தவனின் தொடையில் தோல் சுருங்கியிருந்தது. மெஷினில் கிடத்தச் சொன்னேன். 4.1. எண்ணுக்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி இரண்டு எழுத்து: எல், பி. பவுண்டு! ஒரு கிலோவுக்கு 2.2 பவுண்டு என்று வகுத்தேன். ஒரு கிலோ எண்ணூற்று அறுபது.

"பவுண்டுன்னா கிலோவுக்குக் கூடவா, கொறச்சலா?" என்றார் மச்சான்.

"பாதிகூட இல்ல. ஆஸ்பத்திரில இருந்து வந்தப்பவிட எளச்சிருக்கான்."

மச்சானின் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நேத்து வரைக்கும் நாலு இருந்த புள்ள, படிச்சவுக வந்து வகுத்ததும் ரெண்டுக்குக் கீழ போயிருச்சாக்கும்!"

"அந்த எழவு மெஷினத் தூக்கிக் கெணத்துல போடுங்க!" என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் அதுவரை குரலை உயர்த்தியதே இல்லை. "பெத்தவ சொன்னாள்ல, ஒருத்தராவது கேட்டீகளா?" கேட்காதவர்களில் நான்தான் முதல் ஆள் என்பது சொல்லும்போதே தெரிந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் அவர்கள் மேல் கொட்டினேன்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. பிள்ளையை மாரோடு துணியில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை பார்த்த நர்ஸ் உடனே அட்மிஷன் போட்டார். "எத்தன நாளா மெலியுறான்? யாரு சொல்றீங்க?"

மச்சான் வாயைத் திறந்தார். நானும் திறந்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க" என்றாள் அக்கா. "நான் சொல்லிக்கிறேன்."